தோளில் இரண்டு தட்டு

பம்பரம் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது சாயங்காலம்கூட ஆகவில்லை. ஆனாலும் வானம் கறுத்து, மழைக்கு முந்தைய ஈரக்காற்று வீசத் தொடங்கியிருந்தது. மூடிக் கிடந்த கிடங்குகளுக்குப் பின்னால் போகும் தெரு அது. ஆள் நடமாட்டம் கிடையாது. உயரமான மதில், துருப்பிடித்த இரும்புக் கேட், மாடியில் பலகை வைத்து அடைத்த ஒரே ஒரு ஜன்னல். யாரும் குடியிருக்கிற வீடு போலவே இல்லை. உள்ளேயிருந்து பினாயில் வாசனை மட்டும் காரமாக வந்தது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கத்தான் செய்தது. பைக் டாக்ஸி ஓட்டுகிற பையன்கள் கூடுகிற ஸ்டாண்டில் அதைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஓர் இடத்தில் நிற்கத் தெரியாதவன், சவாரி இல்லாத நேரத்தில்கூட ஊரைச் சுற்றிக்கொண்டிருப்பவன் என்பதால் பம்பரம் ஆகிவிட்டான். பொறுமைக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். வாடிக்கையாளர் வந்து நின்று, போனைத் தேடி, ஓடிபி எண்ணைச் சொல்லி, பிறகு ஏறுவதற்குள் அவனுக்கு உயிர் போய்விடும். அதனால் வழியிலேயே போன் செய்து எண்ணை வாங்கிவிடுவான். அன்றைக்கும் அப்படித்தான். ஒரு பெண் குரல் எண்ணைச் சொல்லி, இதோ வந்துவிடுகிறேன் என்றது. அவன் சவாரியைத் தொடங்கி வைத்துவிட்டு, தெருவைப் பார்த்தபடி இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டிருந்தான்.

இந்தத் தொழிலில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹெல்மெட்டுக்குள் காதும் சரியாகக் கேட்காது. அதனால் தோள்தான் காது. இடது தோளை அழுத்தினால் இடது பக்கம் திரும்பு, வலது தோளை அழுத்தினால் வலது பக்கம். ஒரே ஒரு தட்டு என்றால் இங்கே நிறுத்து, இறங்குகிறேன். இரண்டு தட்டு என்றால் உட்கார்ந்துவிட்டேன், போகலாம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஓட்டுகிறவனுக்கும் ஏறுகிறவர்களுக்கும் தானாகப் பழகிவிட்ட பாஷை.

கேட் கிரீச்சிட்டது. முதல் தூறல் விழுந்தது. அவன் கொக்கியில் தொங்கிய சிவப்பு ஹெல்மெட்டை எடுத்துத் திரும்பாமலே பின்னால் நீட்டினான். அது கையிலிருந்து வாங்கப்பட்டது. பின் சீட் அமுங்கியது. வாரைப் பூட்டுகிற சத்தம் 'க்ளிக்' என்று கேட்டபோது, பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டான். சவாரி வருகிறவர்கள் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்வதே பெரிய உபகாரம். வாரைப் பூட்டுகிறவர்கள் அபூர்வம்.

தோளில் இரண்டு தட்டு விழுந்தது.

பறந்தான். பேருந்து நிலையம் வந்ததும் ஓரம் கட்டி, இறங்கலாம் என்று சொல்ல வாயெடுத்தபோது போன் அடித்தது.

"அண்ணா, எங்க இருக்கீங்க? நான் கேட்லயே நிக்கிறேன்."

அவன் திரும்பினான். பின் சீட்டில் யாரும் இல்லை. சிவப்பு ஹெல்மெட் மட்டும் சீட்டின் நடுவில் இருந்தது. வார் பூட்டியபடியே இருந்தது.

தலைவிதியே என்று திரும்பிப் போய், மழையில் நனைந்து நின்ற பெண்ணை ஏற்றிக்கொண்டான். வீட்டோடு தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற பணிப்பெண் அவள். கையில் ஒரு துணிப்பை. அழுது ஓய்ந்த முகம். அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. வழியில் ஒன்றுதான் சொன்னாள், கொஞ்சம் முன்னால் தள்ளி உட்காருங்கள், எனக்கு இடமே இல்லை என்று. அவன் ஏற்கெனவே பெட்ரோல் டேங்க் மேல் ஏறாத குறையாகத்தான் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் ஸ்டாண்டில் இது பெரிய சிரிப்பாகிவிட்டது. அதற்கு முக்கியக் காரணம் ரேடியோ. ரேடியோ என்பவன் பம்பரத்தின் கூட்டாளி. வாயை மூடுகிற பொத்தான் அவனுக்குப் பிறவியிலேயே வைக்கப்படவில்லை. ஆளை விட்டுவிட்டுக் காற்றை ஏற்றிக்கொண்டு போன மகானைப் பாருங்கள் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான். பம்பரமும் சேர்ந்து சிரித்தான். ஆனால் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. காலையிலிருந்து வண்டி கனத்தது.

யாருமே ஏறாதபோதும் பின்பக்க ஷாக் அப்சர்பர் அமுங்கியே இருந்தது. மெக்கானிக் கழற்றிப் பார்த்தார், எண்ணெய் போட்டார், ஒரு குறையும் இல்லை என்றார். சவாரி வந்தவர்களோ ஆளுக்கொரு குறை சொன்னார்கள். இடம் போதவில்லை என்றார் ஒருவர். வண்டியில் பினாயில் நாற்றம் என்றார் இன்னொருவர். பம்பரத்துக்கும் அந்த வாசனை வந்துகொண்டுதான் இருந்தது. நாலு தடவை கழுவியும் போகவில்லை.

பிறகு ஒரு நாள் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கையைக் காட்டி மறித்தார். கல்லூரிப் பையன் ஒருவன் பின்னால் உட்கார்ந்திருந்தான். ட்ரிபிள்ஸ் போனால் அபராதம் என்று தெரியாதா என்று காவலர் ஆரம்பித்தார். கிட்டே வந்ததும் நின்றுவிட்டார். பையனைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் மிச்சமிருந்த ஒரு சாண் சீட்டைப் பார்த்தார்.

"அந்தம்மா எங்கப்பா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இப்ப இருந்தாங்களே."

பிறகு அவரே, போ என்று கையை மட்டும் அசைத்தார். கல்லூரிப் பையன் அடுத்த முக்கிலேயே இறங்கிக்கொண்டான்.

இதையெல்லாம் அவன் எப்படியாவது பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருப்பான். மனைவியும் அதே சீட்டில்தான் உட்கார்ந்து வந்தாள் என்பதுதான் அவனால் தாங்க முடியாமல் போனது.

அவள் ஒரு தையல் ஆலையில் வேலை பார்த்தாள். ஆறு மாதக் கர்ப்பம். முதல் கரு தங்கவில்லை. அந்த நாட்களில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்திருந்தார்கள். இந்தப் பிள்ளையாவது நல்லபடியாகக் கைக்கு வந்து சேர வேண்டும். அவனுக்கு உலகத்தில் வேறு எந்த வேண்டுதலும் இல்லை. ஊரெல்லாம் பறக்கிற பம்பரம், அவளை ஏற்றினால் மட்டும் மாட்டு வண்டியாகிவிடுவான். வேகத்தடையைத் தூரத்தில் கண்டாலே காலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவான். தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவான்.

காவலர் மறித்த அன்றைக்கும் அவளை ஆலையிலிருந்து அழைத்து வந்தான். வேறு எப்படி அழைத்து வருவது என்று யோசிக்கிற நிதானம் அவனுக்கு இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"இன்னைக்குப் பள்ளம் மேடு ஒண்ணுமே தெரியலங்க. பின்னாலருந்து ரெண்டு கையாலயும் யாரோ என் வயித்தத் தாங்கிப் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு."

எடுத்த கவளம் அவன் கையிலேயே நின்றது.

"பயந்தியா?"

"மொதல்ல இதமாத்தான் இருந்துச்சு." அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "அப்புறம் பிடி இறுகிடுச்சு. இறங்குறப்போ விடவே மாட்டேன்னுச்சு."

அன்று முதல் அவளை வண்டியில் ஏற்றவில்லை. வண்டியில் கோளாறு, பேருந்தில் வா என்றான். ஊரான் பெண்டாட்டிகளை எல்லாம் ஏற்றுகிறபோது வராத கோளாறு கட்டினவளை ஏற்றினால் மட்டும் வருகிறதா என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். பிள்ளைத்தாய்ச்சியிடம் இதைச் சொல்லிவிட்டுப் பிறகு அவள் எப்படித் தூங்குவாள்? சாயங்காலம் வண்டியை ஸ்டாண்டிலேயே பூட்டி வைத்துவிட்டு, வீட்டுக்கு நடந்து போகத் தொடங்கினான். எது அதன்மேல் உட்கார்ந்திருக்கிறதோ அது வீட்டுப் பக்கம் வரக் கூடாது. அவன் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

ரேடியோவிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டினான். ரேடியோ முதல்முறையாக வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். அப்புறம் சொன்னான்.

"சவாரின்னா இறங்குற இடம்னு ஒண்ணு இருக்கும்டா. நீ எங்கன்னு கேட்டியா?"

கேட்கவில்லைதான். மறுநாள் மதியம், வெறிச்சோடிக் கிடந்த ஒரு சாலையில் வண்டியை நிறுத்தி, முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"எங்கம்மா இறங்கணும்?"

காற்று இல்லை. மரம் அசையவில்லை. பினாயில் வாசனை கழுத்துக்குக் கிட்டே வந்தது.

தோளில் இரண்டு தட்டு.

கிளம்பினான். முச்சந்தியில் இடது தோள் அழுந்தியது, திரும்பினான். பாலத்துக்கு அப்பால் வலது தோள். சந்தைக்கு முன்னால் மறுபடி வலது. எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டால் போதும், இன்றோடு விட்டது சனியன் என்று அவன் மனம் லேசாகக்கூடத் தொடங்கியது. தண்ணீர்த் தொட்டி இருக்கிற முக்கில் இடது தோள் அழுந்தியபோதுதான் எந்தத் தெருவுக்குள் வந்திருக்கிறோம் என்று பார்த்தான்.

அவன் தெரு.

நாலாவது கதவு அவன் வீடு. தோள்மேல் இருந்த கை மேலே எழுவது தெரிந்தது. தட்டுவதற்கு ஓங்கிய கை. ஒரு தட்டு விழுந்துவிட்டால் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று அவனுக்குள் ஏதோ ஒன்று சொன்னது. அது விழுவதற்குள் ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகினான். வீட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஊர் எல்லையைத் தாண்டிப் போனான். கண்ணில் நீர் வழிந்தது. காற்றினாலா பயத்தினாலா என்று அவனுக்கே தெரியவில்லை. வண்டி நின்றது பெட்ரோல் தீர்ந்த இடத்தில்தான். வயல்வெளிக்கு நடுவே, வெட்டவெயிலில், தன்னைத் தவிர யாருமே இல்லாத சாலையில் அவன் நின்றான். பின் சீட் அமுங்கியே இருந்தது.

அங்கே நின்றபடிதான் அந்தப் பணிப்பெண்ணுக்குப் போன் செய்தான். அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டான். அவள் முதலில் தயங்கினாள். பிறகு அடைத்து வைத்ததெல்லாம் கொட்டுகிற மாதிரி சொன்னாள். அந்த வீட்டம்மா வருடக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர். சொந்த வீட்டிலேயே படுத்துக்கொண்டு, வீட்டுக்குக் கூட்டிப் போ, பிள்ளை காத்திருக்கும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கெஞ்சுவாராம். அவருக்குப் பிள்ளையே கிடையாது. உறவுக்காரர்கள் கேட்டைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவார்களாம். பம்பரம் வந்த அன்று மதியம்தான் உயிர் பிரிந்தது. உடலை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, அறையைப் பினாயில் போட்டுக் கழுவிவிட்டு, பூட்டாத கேட்டை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன் என்றாள்.

"ராத்திரி பகல்னு இல்ல, ஒரு தலகாணிய வயித்தோட சேத்து ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க அண்ணா," என்றாள். "உறைய மாத்தக்கூட வாங்க முடியாது. பிடிச்சாங்கன்னா விட மாட்டாங்க. போனப்புறமும் நாங்க ரெண்டு பேர் சேர்ந்துதான் விரலப் பிரிச்சோம்."

அவன் போனை வைத்துவிட்டு, கனத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் பங்க்கைத் தேடி நடந்தான்.

மறுநாள் காலையிலேயே அந்த வீட்டுக்குப் போனான். கேட்டுக்கு முன்னால் இன்ஜினை அணைத்தான். மதில்மேல் காக்கை ஒன்று உட்கார்ந்திருந்தது. அவன் பேசத் தொடங்கியதும் பறந்துவிட்டது.

"இதாம்மா உங்க வீடு," என்றான். "இறங்கிக்குங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எம்புள்ள இன்னும் பொறக்கவே இல்லம்மா."

எந்தத் தட்டும் விழவில்லை. அவன் சிவப்பு ஹெல்மெட்டைக் கொண்டுபோய்க் கேட்டின் கம்பியில் மாட்டினான். வார் பூட்டியபடியே இருந்தது. அதைத் திறக்க அவன் முயலவில்லை. வண்டிப் பக்கம் திரும்பி நின்று இரண்டு கைகளையும் கூப்பினான். அவனுக்குக் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. இரண்டையும் விடப் பயம் பெரியதாக இருந்தது.

வண்டியின் பின்பக்கத்தில் ஒரு சின்ன முனகல் கேட்டது. ஷாக் அப்சர்பர் மெல்ல உயர்ந்து நின்றது.

அவன் திரும்பியே பார்க்காமல் வந்துவிட்டான். வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. போகிற வழியிலேயே நீல நிறத்தில் புது ஹெல்மெட் ஒன்று வாங்கிக் கொக்கியில் மாட்டினான். அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் யாரும் இடம் போதவில்லை என்று சொல்லவில்லை. பினாயில் வாசனை இல்லை. ரேடியோ பழையபடி கேலி பேச ஆரம்பித்தான். பம்பரத்துக்கு அந்தக் கேலி தேனாக இனித்தது. வயிற்றுப் பிள்ளை நன்றாக உதைக்கிறது என்று மனைவி சொன்ன அன்று அவன் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தான். அப்போதும் வண்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சூடுபட்ட பூனை அவன்.

அந்த வாரக் கடைசியில் மழை கொட்டியது. மதியத்திலேயே தெருக்களில் முழங்கால் தண்ணீர். ஆலை விடுகிற நேரத்துக்கு அவள் போன் செய்தாள். பேருந்து ஒன்றும் வரவில்லை, ஆட்டோக்காரர்கள் யாரும் நிற்கவில்லை, இடுப்பு கடுக்கிறது, வந்து கூட்டிப் போங்கள் என்றாள். குரலில் வழக்கமான காரம் இல்லை.

கிளம்புவதற்கு முன் பின் சீட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தான். அமுங்கியது, உடனே எழும்பியது. மோந்தும் பார்த்தான். மழை வாசனை மட்டும்தான்.

ஆலை வாசலில் குடைகளும் மழைக்கோட்டுகளுமாகக் கூட்டம் முட்டியது. யார் முகமும் தெரியவில்லை. அவன் ஓரமாக நிறுத்தி, ஹாரனை அடித்து, கையைத் தூக்கிக் காட்டினான். கொஞ்ச நேரத்தில் பின் சீட் அமுங்கியது. மெதுவாக, பத்திரமாக, வயிற்றைச் சுமக்கிறவள் உட்காருகிற மாதிரி. நீல ஹெல்மெட்டை எடுத்துப் பின்னால் நீட்டினான். வாங்கவில்லை. மழையில் அவளுக்கு இருக்கிற அவசரத்தில் ஹெல்மெட் எதற்கு என்று அவனே மறுபடி கொக்கியில் மாட்டினான்.

தோளில் இரண்டு தட்டு.

வழி நெடுகப் பேசிக்கொண்டே ஓட்டினான். இத்தனை நாள் அவளிடம் மறைத்ததை எல்லாம் சொன்னான். பைத்தியக்காரத்தனமாக இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தான். இனிமேல் தினமும் நானே வருகிறேன், பிள்ளை பிறந்தால் மூன்று பேரும் இதே வண்டியில் போகலாம், அப்போது அந்தக் காவலர் என்ன செய்கிறார் பார்ப்போம் என்றான். மழைச் சத்தத்தில் அவள் பதில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பின்னாலிருந்து இரண்டு கைகள் அவன் இடுப்பைச் சுற்றி வந்து கோத்துக்கொண்டன. அவனுக்கு அது போதுமாயிருந்தது. பள்ளம் வந்த இடத்திலெல்லாம் மாட்டு வண்டியாக ஊர்ந்தான்.

தண்ணீர்த் தொட்டி முக்கில் திரும்பி, தெருவுக்குள் நுழைந்தான். நாலாவது கதவுக்கு முன்னால் தோளில் தட்டு விழுந்தது.

ஒரே ஒரு தட்டு.

நிறுத்தினான். இடுப்பைக் கோத்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பின் சீட் எழும்பியது. பாத்து இறங்கு, படி வழுக்கும் என்று சொல்லிக்கொண்டே ஸ்டாண்டைப் போட்டான்.

போன் அடித்தது.

"ஏங்க, எங்க இருக்கீங்க?" என்றாள் மனைவி. பின்னால் ஹாரன்களும் ஆலைக் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன. "நான் இன்னும் கேட்லயேதான் நிக்கிறேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். தெருவில் யாரும் இல்லை. கொக்கியில் நீல ஹெல்மெட் ஆடிக்கொண்டிருந்தது. காலையில் அவன் கையாலேயே போட்ட பூட்டு வீட்டுக் கதவில் அப்படியே தொங்கியது. சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

வீட்டுக்குள் விளக்கு எரிந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தான். மனைவியின் தலையணை கட்டிலில் இல்லை. சட்டை மாட்டுகிற ஆணியில், வார் பூட்டியபடி, சிவப்பு ஹெல்மெட் தொங்கியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பேசுங்க," என்றாள் அவள். "ரொம்ப முடியலங்க. வீட்டுக்கு வந்து படுத்தாப் போதும்."

"வராத," என்றான். "வீட்டுக்கு வேணாம். அங்கேயே..."

பூட்டிய கதவின் உள்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. மெதுவாக, அவசரமில்லாமல், மரத்தின்மேல் விரல் படுகிற சத்தம்.

இரண்டு தட்டு.